குடியிருப்பாளரிடமிருந்து புகார் ஏதும் இல்லை

வீட்டு வரி உயரப்போவதாக நகர மன்றத்திலிருந்து அறிவிப்பு வந்த அதே வாரத்தில்தான் எங்கள் ஊர் நுழைவாயிலில் புதிய அலங்கார வளைவைத் திறந்து வைத்தார்கள். இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயல் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் அந்த வளைவுக்குக் கீழே மோட்டாரில் வந்து, வீட்டுத் தபால் பெட்டியைத் திறந்து அறிவிப்பைப் படித்த எவருக்கும் அது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஊரின் பெயரையும் மன்றத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. என் அண்டை வீட்டார் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். மலேசியாவின் ஜொகூரில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிச் செம்பனைத் தோட்டங்களைக் கடந்தால் வருகிற ஊர் என்று சொன்னால் போதும். அங்கே ஒரு தாமானின், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பின், கடைசி வரிசையில் என் பெற்றோரின் வீடு. நான் ஸ்கூடாயில் நகரத் திட்டமிடல் படித்துப் பட்டம் பெற்றவள். பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாள்களில் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

எங்கள் வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். பின்சந்தில் அவற்றையொட்டி ஒரு வடிகால் ஓடுகிறது. அதன் சிமெண்டுச் சுவர் பல இடங்களில் உள்ளே சரிந்து கிடந்தது. தரை மெல்லச் சரிந்து இறங்கும் கோடியில் இருக்கிறது இருபத்திரண்டாவது வீடு. பெருமழை பெய்தால் போக வழியில்லாத தண்ணீர் அந்த வீட்டின் பின்னறைக்குள்தான் புகும். அந்த அறையில்தான் கோடிவீட்டு அண்ணன் தினமும் நான்கு முறை டயாலிசிஸ் செய்துகொள்வார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. மையத்துக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்கும் முறையல்ல அவருடையது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக, பையிலிருக்கும் திரவத்தை உள்ளே விட்டு, பழையதை வெளியேற்றும் முறை. வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அறை மருத்துவமனை அறைபோலச் சுத்தமாக இருக்க வேண்டும். கதவை அடைத்து, காற்றாடியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, கையை நன்றாகக் கழுவி உட்கார்ந்தால் எழுந்திருக்க அரைமணி நேரமாகும். குழாய் முனையில் கிருமி பட்டால் வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிடும். முந்தைய ஆண்டு மழையில் வடிகால் நீர் அறைக்குள் வந்தபோது அதுதான் நடந்தது. இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்தார். இன்னொரு முறை தொற்று வந்தால் குழாயையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அறையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. கை கழுவும் தொட்டியோடு இருக்கும் அந்தப் பின்னறை ஒன்றைத்தான் மருத்துவமனைத் தாதி நேரில் வந்து பார்த்துச் சரியென்று சொல்லியிருந்தார்.

அண்ணன் முன்பு சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்தை ஓட்டியவர். நோய் அவர் உடம்பை இளைக்க வைத்ததே தவிர வாயை அடக்கவில்லை. வளைவைப் பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னது தாமான் முழுக்கப் பரவியது:

“ஊருக்குள்ள வர்றவனுக்கு அது வணக்கம் சொல்லுது. உள்ள வந்துட்டா லோங்காங் வந்து கால புடிச்சிக்கும்.” வடிகாலை எங்கள் பக்கம் லோங்காங் என்றுதான் சொல்வோம்.

குறை என்று வந்தால் எங்கள் மக்கள் செய்வது மகஜர் கொடுப்பது. நன்றாகப் படித்தவர் ஒருவரை எழுதச் சொல்லி, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கி, தெரிந்த தலைவர் ஒருவரை முன்னால் நிறுத்தி அதிகாரியின் கையில் ஒப்படைப்பது. அதிகாரி தாளின் ஒரு முனையையும் நாங்கள் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு சிரிக்க, புகைப்படம் எடுக்கப்படும். சில நாள்களில் தமிழ்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில் அது வரும். அதோடு குறை தீர்ந்த ஒரு நிறைவு எல்லோருக்கும் வந்துவிடும்.

இம்முறை எழுதியவள் நான். வரி மறுமதிப்பீட்டுக்கு எங்கள் ஆட்சேபத்தையும் வடிகாலின் நிலையையும் இணைத்து, ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கும் என்று எண்ணி, ஒரே கடிதமாகச் செம்மையான மலாயில் எழுதினேன். வரி கூடுவதே அநியாயம் என்று அதில் நான் எழுதவில்லை. அப்படி நான் நினைக்கவுமில்லை. ஊர் வளர்ந்தால் செலவும் வளரும். கட்டுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதே என் கேள்வி. கோயில் வாசலில் பாதிக் கையெழுத்து சேர்ந்தது. மூன்றாம் வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் ஞாயிறு பூசைக்குப் பிறகு மீதியைச் சேர்த்துக் கொடுத்தது. மன்றத்தில் வரவேற்பு நன்றாகவே இருந்தது. புகைப்படத்தில் நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். மறுமதிப்பீட்டுக்கு ஆட்சேபம் தெரிவிப்பவர், ஒவ்வொரு வீட்டு உரிமையாளரும் தனித்தனியே, உரிய படிவத்தில், குறித்த நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கூட்டாகக் கொடுத்த மகஜரை ஆட்சேபமாக ஏற்க இயலாது. கால அவகாசம் முடிந்துவிட்டது. அறிவிப்புத் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அது அப்படியே அச்சிடப்பட்டிருந்தது. நகரத் திட்டமிடல் படித்தவள், தாளின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்து எத்தனை சேர்ந்தது என்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

இதை வாட்ஸ்அப் குழுவில் நாலு வரியாகப் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். மற்றவர்களின் உரிமையை நான் கை தவற விட்டிருந்தேன் என்பதால் இருபத்தொரு வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னேன். பெரும்பாலோர் “விடும்மா, பார்த்துக்கலாம்” என்றார்கள். ஒன்பதாம் வீட்டுக்காரர் மட்டும் கதவருகிலேயே நின்று கேட்டார்.

“நீ படிச்சவ எழுதுனதுன்னுதானே நாங்க படிக்காம கையெழுத்துப் போட்டோம்?”

அந்தக் கேள்வியில் அவர் தம்மையும் சேர்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கோடிவீட்டு அண்ணனின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு வரியைப் பற்றிக் கவலையே இல்லை. “கூடுனது கூடிட்டுப் போவுது தங்கச்சி. லோங்காங் விசயம் என்னாச்சி? அதையும் அதுலயேதானே எழுதுன?” என்றார்.

அதுவும் அந்த மகஜரோடு சேர்ந்து கோப்புக்குள் போய்விட்டது என்று சொன்னேன். ஆண்டு இறுதி மழைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. பின்னறைக் கதவுக்குக் கீழே பழைய துணிகளைச் சுருட்டித் திணித்து வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அதன்பிறகு செய்தேன். ஊராட்சி தொடர்பான சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன். தேர்வுக்காக ஒருமுறை படித்ததுதான். அப்போது என் வீட்டுப் பின்சந்து நினைவில் இல்லை. மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்றும், அதன் கூட்டக் குறிப்புகளை வரி செலுத்துபவர் எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்றும் அதில் இருந்தது. எங்கள் தாமானில் எவரும் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் வீடு அப்பாவின் பெயரில் இருப்பதால் வரி செலுத்துபவர் பட்டியலில் நான் இல்லை. கோடிவீடு அக்காவின் பெயரில் இருந்தது. ஆகவே அந்த உரிமை அவருடையது. நான் கூடப் போகிறவள் மட்டுமே.

மன்ற அலுவலகத்துக்கு முதல் முறை போனபோது, முகப்பிலிருந்த இளம்பெண் எங்களை எந்தப் பிரிவுக்கு அனுப்புவதென்று தெரியாமல் விழித்தார். கட்சியிலிருந்து அனுப்பினார்களா, பத்திரிகையா, வழக்குரைஞரா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றதும் மேலதிகாரி இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அடுத்த வாரம் அதிகாரி இருந்தார். எழுத்து மூலம் விண்ணப்பம் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் முறை, குறிப்புகள் அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது நான் சட்டப் பிரிவின் நகலை எடுக்கப் பையைத் துழாவினேன். அக்கா காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு வரி கட்டிய ரசீதை மேசைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, சந்தையில் பேசும் மலாயிலேயே சொன்னார்.

“சாயா யாங் பாயார், என்ச்சே.” கட்டுவது நான்தான், ஐயா.

குரல் உயரவில்லை. அதிகாரி ரசீதையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகப்புப் பெண்ணைக் கூப்பிட்டுச் சிறிய கூட்ட அறை ஒன்றைத் திறந்துவிடச் சொன்னார். அந்தப் பெண்ணே கூட்டக் குறிப்புக் கட்டைக் கொண்டுவந்து வைத்து, தண்ணீரும் வைத்துவிட்டுப் போனார். எங்களிடம் அவருக்கு ஒரு விரோதமும் இல்லை. இதற்கு முன் யாரும் கேட்டிராததால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்கா இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம்வரை படித்தவர். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். எங்கள் வரிசையின் வடிகால் அதில் இருந்தது. பொறியியல் பிரிவு அதைப் பழுதுபார்க்க வேண்டிய பட்டியலில் சேர்த்திருந்தது, ஒதுக்கீடும் கேட்டிருந்தது. அடுத்த வரி, அந்த வேலை ஒத்திவைக்கப்பட்டு ஒதுக்கீடு நகர நுழைவாயிலை அழகுபடுத்தும் பணிக்கு மாற்றப்படுவதாகச் சொன்னது. காரணமும் எழுதியிருந்தார்கள்: குடியிருப்பாளரிடமிருந்து புகார் ஏதும் இல்லை.

அக்காவின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

“இத்தன வருசமா நாம யாருகிட்ட சொல்லிட்டு இருந்தோம்?” என்று கேட்டார்.

இருவருக்கும் விடை தெரியும். தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் பகுதி மன்ற உறுப்பினரை எல்லோரும் அப்படித்தான் அழைப்போம். இங்கே மன்ற உறுப்பினரை நாங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சி பெயர் கொடுக்கும், மாநில அரசு நியமிக்கும். அவர் கெட்டவர் அல்ல. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர். தண்ணீர் புகுந்தபோது அரிசி மூட்டை கொண்டுவந்தவர். கோயிலில், கல்யாணத்தில், சாப்பாட்டுக் கடையில் பார்க்கும்போதெல்லாம் வடிகாலைப் பற்றிச் சொல்வோம். “சொல்லிட்டேன், பார்க்கிறேன்னு சொல்லியிருக்காங்க” என்பார். பொய்யில்லை, உண்மையிலேயே யாருக்கோ தொலைபேசியில் சொல்லியிருப்பார். ஆனால் தொலைபேசிப் பேச்சுக்குப் புகார் எண் இல்லை, தேதி இல்லை. நாங்கள் எழுதியதாக மன்றத்திடம் இருந்தது ஒரே ஒரு மகஜர். அதுவும் வரி ஆட்சேபம் என்று பெயரிட்டு மூடப்பட்டிருந்தது. மன்றத்தின் பதிவேட்டைப் பொறுத்தவரை இருபத்திரண்டு வீடுகளும் இத்தனை ஆண்டுகளாக வாய் திறந்ததே இல்லை.

கோபம் எனக்கு அங்கேதான் வந்தது. அந்தக் கோபத்தில் மன்றத்துக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.

அடுத்த ஞாயிறு ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அவரவர் பெயரில், அவரவர் வார்த்தையில் வடிகாலைப் பற்றிப் புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னோம். “எல்லாத்துக்கும் சேத்து நீயே ஒன்னு எழுதிடேன்” என்றுதான் முதலில் கேட்டார்கள். முடியாது என்றேன். பிடிவாதம் போலத் தோன்றியிருக்கும். நான் எழுதினால் மறுபடியும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். நான் தவறினால் எல்லோரும் ஒன்றாகத் தவறுவார்கள். புகாரை எங்கே கொடுப்பது, எண் எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை மட்டும் சொன்னேன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லைப் பாலத்தில் பேருந்து ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் கைப்பேசியிலேயே எழுதி அனுப்பினார்கள். ஒன்பதாம் வீட்டுக்காரர் தாம் எழுதியதை எனக்குக் காட்டவே இல்லை. எண்ணை மட்டும் குழுவில் போட்டார். மழை பெய்து தண்ணீர் ஏறும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினோம்.

தலைவரின் காதுக்கு இது எட்டியது. ஒரு மாலை கோடிவீட்டு வாசலில் வந்து நின்றார். அண்ணன் அப்போதுதான் மாலை நேரத் திரவ மாற்றத்தை முடித்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“ஏம்பா, என்கிட்ட சொல்லக்கூடாதா? இப்படி ஆளாளுக்கு எழுதிப் போட்டா என் முகத்த எங்க கொண்டுபோய் வெச்சிக்கிறது?” என்றார் தலைவர்.

“உங்க முகம் நல்லாத்தான் இருக்கு தலைவரே. என் வயித்துலதான் ஓட்ட.”

தலைவர் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, நீ பெர்மாஸ் ஜெயாவுக்குப் போயிடுவ. இவங்க இங்கதான் இருக்கணும். கோயில் நிலத்து மனு இன்னும் மேசையில கெடக்கு. முனையில கட போடுறவருக்கு வருசா வருசம் லைசென் எடுக்கணும். யோசிச்சுப் பாரு.”

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. அவர் அறிந்த உலகம் அப்படித்தான் இயங்கியது. கேட்டால் கிடைக்கும், எதிர்த்தால் நிற்கும். நான் யோசிக்கத்தான் செய்தேன். தாமான் முனையில் நாசி லெமாக் கடை போடுபவரை மறுநாள் காலையில் பார்த்து, அவர் எழுத வேண்டாம், கூட்டத்துக்கும் வர வேண்டாம், யாரும் தவறாக நினைக்கமாட்டோம் என்றேன். அவர் இலையில் சோற்றை மடித்துக்கொண்டே தலையாட்டினார். அவர் மனைவியின் பெயரில் ஒரு புகார் இரண்டு நாள் முன்பே போயிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோயில் நிலத்தைப் பற்றியும் கவலைப்பட்டேன். ஆனால் கேட்கிற உரிமையைக் கேட்காமல் இருப்பதற்கு விலையாகத்தான் ஒரு நிலம் கிடைக்குமென்றால், அடுத்து எதற்காக வாயை மூடச் சொல்வார்கள் என்ற கேள்வியை என்னால் தாண்ட முடியவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவர் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மழை யாருக்காகவும் காத்திருக்காது என்றார்.

மன்றக் கூட்ட நாளன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். காலை மாற்றத்தை முடித்துவிட்டு அண்ணனும் எங்களோடு கிளம்பிவிட்டார். வாசலில் ஜாகா, அதாவது காவலாளி, எங்களை நிறுத்தினார். அலுவலக உடை விதிப்படி செருப்போடு உள்ளே போக முடியாது. அண்ணனின் பாதங்கள் வீங்கியிருந்தன; அவரிடம் போட்டுக்கொள்ளச் செருப்பைத் தவிர வேறில்லை. ஜாகா, வயதான மலாய்க்காரர், அவர் காலைப் பார்த்தார். தம் மேசைக்கடியில் குனிந்து, இப்படி வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் ஒரு ஜோடி பெரிய கறுப்புச் சப்பாத்துகளை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்தை மிதித்து மடக்கிக்கொண்டு அண்ணன் இழுத்து இழுத்து நடந்தார்.

“கட்டுன வரிக்கு இன்னிக்குத்தான் ஒரு பொருள் கையில கெடச்சிருக்கு. அதுவும் திருப்பிக் குடுக்கணும்” என்றார்.

பார்வையாளருக்கான நாற்காலிகளின் மேல் நினைவுப் பரிசுப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மூன்று நாற்காலியிலிருந்து பெட்டிகளை இறக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தோம். மன்றத் தலைவர் எங்களைப் பார்த்தார். செயலாளரிடம் ஏதோ கேட்டார். செயலாளர் தாள் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, இருக்கலாம், ஆனால் பேசக்கூடாது என்று பணிவாகச் சொன்னார். பேசுவதற்காக வரவில்லை என்றேன்.

இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தோம். பொறியியல் பிரிவின் அறிக்கை வந்தது. எங்கள் வரிசையின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து வந்த புகார்களின் எண்களை இயக்குநர் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். முடியவில்லை, போய்க்கொண்டே இருந்தது. ஓர் உறுப்பினர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு இன்னொருவர். எங்கள் தலைவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பு முடிந்ததும் அவர் கையை உயர்த்தினார். எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த வேலையை மீண்டும் பட்டியலில் சேர்த்து மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நல்ல மலாயில், தெளிவாகப் பேசினார். இத்தனை ஆண்டுகள் அவரால் இதைச் செய்ய முடிந்திருக்கிறது என்பதை நினைத்தபோது நன்றியும் கசப்பும் சேர்ந்தே வந்தன.

தீர்மானம் நிறைவேறியது. ஆறு வாரத்தில் வேலையை எடுத்த குத்தகையாளர் ஆள்களோடு வந்து இறங்கினார். சரிந்த சுவர்களை இடித்துப் புதிதாக வார்த்துக்கொண்டு வந்தவர்கள் இருபதாம் வீட்டோடு நிறுத்திவிட்டுச் சாமான்களை ஏற்றத் தொடங்கினார்கள். வரைபடத்தில் அவ்வளவுதான் என்றார் மேற்பார்வையாளர். அதே நாள் மாலை தலைவர் பதாகையோடும் புகைப்படக்காரரோடும் வந்தார். கோடிவீட்டு அக்காவை நடுவில் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதில் சூது எதுவும் இல்லை; அவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். அக்கா வாசல் கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.

“கடைசி ரெண்டு வீட்டையும் கட்டி முடிங்க தலைவரே. ஒரு மழ வந்து போவட்டும். நானே சேல கட்டிட்டு வந்து நிக்கிறேன்.”

“ஆளுங்கள எல்லாம் கூட்டிட்டு வந்துட்டேனே லா.”

“கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சி. அந்த ரெண்டு வீட்டையும் ஃபோட்டோ புடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க.”

பதாகையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலைக்குள் இருபத்திரண்டு வீட்டிலிருந்தும் புதிய புகார் போயிருந்தது. இருபதாம் வீட்டுவரை வேலை முடிந்துவிட்டவர்களும் எழுதியிருந்தார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. அடுத்த பத்து நாளில் ஆள்கள் திரும்பி வந்தார்கள். கடைசித் துண்டை வார்த்து முடித்தபோது சிமெண்டு காய்வதற்கும் வானம் கறுப்பதற்கும் இடையே அதிக நாள் இருக்கவில்லை.

அதற்கடுத்த மன்றக் கூட்டத்துக்கும் அக்காவும் நானும் போனோம். வேலை முற்றாக முடிந்ததென்று அன்று பதிவாக வேண்டியிருந்தது. எப்படிப் பதிவாகிறது என்று காதால் கேட்க வேண்டும் என்றார் அக்கா. ஒன்பதாம் வீட்டுக்காரர் உள்ளிட்ட ஆறு பேர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். இம்முறை நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அண்ணன் மட்டும் வரவில்லை. மதிய மாற்றத்தை வீட்டில் தனியாகச் செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்.

கூட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மழை பிடித்தது. அந்த ஆண்டின் முதல் பெருமழை. கூரையில் விழும் சத்தத்தில் செயலாளர் குரலை உயர்த்தி வாசிக்க வேண்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே வாகன நிறுத்துமிடம் கண்முன்னே வெள்ளையாக மறைந்தது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் கையைக் கழுவி உட்கார்ந்திருக்கும் நேரம். பை காலியாகி, அடுத்த பை இறங்கி முடியும்வரை கைப்பேசியைத் தொட மாட்டார். அறைக்குள் தண்ணீர் வந்தாலும் குழாயை இணைத்தபடி எழுந்திருக்க முடியாது.

நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்று காதோரம் சொன்னேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இரு. அவர் சொல்லித்தான் அனுப்புனாரு. எழுந்து போயிட்டா மழையில ஓடுதான்னு பாக்காமலே முடிஞ்சிருச்சுன்னு எழுதிட்டுப் போயிருவாங்க.”

பிடி தளரவில்லை. பொறியியல் பிரிவின் முறை வந்தது. இயக்குநர் எங்கள் வடிகாலைப் படித்தார். பணி நிறைவு என்றார். பிறகு, பார்வையாளர் வரிசையைப் பார்த்துக்கொண்டே, மழையில் சோதித்த பின்பே இறுதி ஒப்புதல் வழங்கப்படும் என்று சேர்த்துக்கொண்டார். செயலாளர் அதை எழுதிக்கொண்டார். மழை இன்னும் விடவில்லை. கடிகாரத்தில் அரைமணியும் கடந்து போனது.

அவர் மடியில் கைப்பேசி அதிர்ந்தது. ஒரு புகைப்படம்: பின்னறைத் தரை, அதன்மேல் அண்ணனின் வீங்கிய இரண்டு வெறுங்காலும். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

“ஒரு சொட்டு இல்ல. அங்கேயே உக்காரு.”

அக்கா அதை என்னிடம் காட்டினார். வரிசையின் கடைசிவரை கை மாறிப் போய்த் திரும்பி வந்தது கைப்பேசி. ஒன்பதாம் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். செயலாளர் அடுத்த பொருளை வாசிக்கத் தொடங்கியிருந்தார். வேறொரு தாமானின் தெருவிளக்குகளைப் பற்றியது, எங்களுக்குச் சம்பந்தமில்லாதது. எழுந்து வீட்டுக்குப் போக இப்போது தடை எதுவும் இல்லை.

அக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கவனிக்கத் தொடங்கினார்.